மட்டக்களப்புப் பறங்கியர் இசையும் ஒலிப்பதிவும்: ஒரு வரலாற்று நோக்கு

மட்டக்களப்பு என்றதும் இசையும் உடன் நினைவுக்கு வருதல் இயல்பு. நிலவெறிக்கும் இரவுகளிலே கல்லடிப் பாலத்தின் அருகே தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையை நீரில் இறக்கி மறுமுனையிற் செவியை வைத்தால் வாவியின் அடியிலிருந்து எழும் இன்னோசையைக் கேட்கலாம் என்பது இப்பகுதி மக்கள் வழிவழியாகக் கூறிவருஞ் செய்தி. காரைதீவிற் பிறந்து, 1947இல் வெளிவந்த யாழ்நூலைத் தமிழுலகுக்கு அளித்த விபுலாநந்த அடிகள், அவ்வோசையை நீரரமகளிரின் பாடலாகக் கண்டு கவிதை செய்தார். எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் கூத்தும் வசந்தனும் செழித்தன. 1960களிலே பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தினைப் பேராதனைப் பல்கலைக்கழக அரங்கிற்குக் கொணர்ந்தபின் அக்கலை கற்றோர் கவனத்தையும் பெற்றது.

ஆயின், இதே வாவிக்கரையில் வயலினும் கித்தாரும் றபானும் கூடி ஒலித்த மற்றோர் இசைமரபும் நானூறு ஆண்டளவான வேர்களுடன் வாழ்ந்து வந்துள்ளது. அது மட்டக்களப்புப் பறங்கியரின் கப்பிரிஞ்ஞா மரபாகும். கூத்துக்குக் கிடைத்த ஆய்வுக்கண் இதற்குத் தமிழிற் போதிய அளவு கிடைத்ததில்லை.

போர்த்துக்கேயர் 1628இல் புளியந்தீவிலே கோட்டை கட்டினர். பத்தாண்டுகள் கழிந்து, 1638இல், கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனோடு கூட்டுச்சேர்ந்த ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். 1658இல் யாழ்ப்பாணமும் வீழ, போர்த்துக்கேயர் ஆட்சி இலங்கையில் முற்றாக மறைந்தது. ஆட்சி மறைந்தபோதும் அவர் மொழி மறையவில்லை. ஒல்லாந்தர் காலத்திலும் அதற்குப் பின்னரும் கலப்புக் குடும்பங்களின் வீட்டுமொழியாக அது நிலைத்தது. மட்டக்களப்பிலே தச்சுத்தொழில், கொல்லுத்தொழில், தையல், சப்பாத்துத் தைத்தல் முதலியவற்றை மேற்கொண்ட பறங்கியர், வெளியிலே தமிழையும் வீட்டிலே போர்த்துக்கேயக் கிரியோலையும் பேசி வந்தனர்.

அம்மொழியின் அமைப்புத் தமிழ் மாணவர் ஊன்றி நோக்கத்தக்கது. ஐரோப்பியப் போர்த்துக்கேயத்தில் 'பாரா' என்னும் இடைச்சொல் பெயருக்கு முன்னே நிற்கும். மட்டக்களப்பிலோ அது குறுகி, பெயருக்குப் பின்னே வந்து, தமிழின் 'கு' உருபைப் போலத் தொழிற்படுகிறது. வினைச்சொல்லும் தமிழிற்போல வாக்கியத்தின் இறுதியில் அமைகிறது. 1970களிலே மட்டக்களப்பிற் கள ஆய்வு செய்த மொழியியலாளர் இயன் ஸ்மித், தமிழோடு நெடுங்காலம் கலந்து வாழ்ந்ததன் விளைவே இவ்வொருமைப்பாடு என விளக்கினார். சொற்கள் கடல் கடந்து வந்தவை. அவற்றைத் தொடுத்த நூலோ இந்த மண்ணுக்குரியது.

இசையிலும் இத்தகைய கலப்பே காணப்படுகிறது. 'கப்பிரிஞ்ஞா' என்னும் பெயர், போர்த்துக்கேயர் கொணர்ந்த ஆபிரிக்க மக்களைக் குறித்த 'காப்பிரி' என்ற சொல்லின் அடியாகப் பிறந்தது. ஆறெட்டுத் தாளத்தில் துள்ளும் அதன் நடை ஆபிரிக்கத் தொடர்பைக் காட்டுவதென்பர். வயலினும் கித்தாரும் ஐரோப்பா தந்தவை. றபான் இலங்கையின் பல இனத்தாருக்கும் பொதுவான தோற்கருவி. கல்யாண வீடுகளில் ஆணும் பெண்ணும் நான்கடிப் பாடல்களைப் பாடியும், ஒருவரை ஒருவர் கேலி செய்தும், எதிர்ப்பாட்டுக் கூறியும் ஆடுவது இம்மரபின் உயிர்நாடியாகும்.

இக்கலப்பு மட்டக்களப்புக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்க நாட்டார் இசையின் வரலாறும் இதனையே காட்டுகிறது. அங்கு பஞ்சோ ஆபிரிக்க வழியில் வந்தது. வயலின் பிரித்தானியத் தீவுகளிலிருந்து குடியேறியவரோடு சென்றது. 1879இல் மதேராத் தீவிலிருந்து ஹவாய்க்குக் கூலிகளாகச் சென்ற போர்த்துக்கேயரின் சிறு நரம்புக்கருவியே பின்னர் உக்குலேலேயாக உருப்பெற்றது. ஹவாயில் தோன்றிய இழைவுக் கித்தார் வாசிப்பு, 1915ஆம் ஆண்டின் சான்பிரான்சிஸ்கோக் கண்காட்சிக்குப்பின் அமெரிக்கா எங்கும் பரவி, அந்நாட்டுக் கிராமிய இசையின் அடையாளங்களுள் ஒன்றாயிற்று. போர்த்துக்கேயக் கப்பல்கள் மட்டக்களப்பில் விட்டுச்சென்றதும், போர்த்துக்கேயத் தொழிலாளர் ஹவாயில் விதைத்ததும் ஒரே கடல்வழிப் பண்பாட்டின் இரு கிளைகள் எனலாம்.

எனினும் இரண்டின் விதியும் வேறுபட்டது. 1927இல் றால்ப் பியர் என்பவர் பிறிஸ்டல் என்னும் சிறு நகருக்கு ஒலிப்பதிவுக் கருவியைக் கொண்டுசென்று, காட்டர் குடும்பத்தினரையும் ஜிம்மி றொட்ஜேர்ஸையும் பதிவுசெய்தார். மலைநாட்டு வீடுகளிற் பாடப்பட்ட பாட்டு அன்றுமுதல் நாடு முழுவதற்கும் உரிய சொத்தாயிற்று. பிற்காலத்தில், கட்புலனற்ற கித்தார்க் கலைஞரான டொக் வாட்சன் (1923-2012) போன்றோரின் மேடை நிகழ்ச்சிகள், அவையினரின் கைதட்டலோடும் பாட்டிடைப் பேச்சோடும் அவ்வாறே இசைத்தட்டுகளாக வெளிவந்தன. பாட்டை மட்டுமன்றிப் பாடியவரும் கேட்டவரும் கூடியிருந்த பொழுதையும் பேணுவதே அத்தகைய நேரடிப் பதிவின் சிறப்பு.

மட்டக்களப்பு இசைக்கு அத்தகைய சந்தை வாய்க்கவில்லை. முதலில் வந்தது பேனா. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இலங்கையில் அரச பணி புரிந்த ஹியூ நெவில் மட்டக்களப்புப் போர்த்துக்கேயரின் பாடல்களைத் திரட்டினார். அக்கையெழுத்துப்படி இன்று பிரித்தானிய நூலகத்தில் உள்ளது. ஆனால் தாளிலே சொல் நின்றது, மெட்டு நிற்கவில்லை. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டின் பின்னரே ஒலிநாடா வந்தது. அமெரிக்க அறிஞர் கே. டேவிட் ஜக்சன் இப்பாடல்களை ஒலிப்பதிவு செய்தும் ஆராய்ந்தும் வெளிப்படுத்தினார். 1998இல், லிஸ்பனில் உலகக் கண்காட்சி நடைபெற்ற ஆண்டில், 'ஒலிகளின் பயணம்' என்னும் தொடரில் இலங்கை இசைக்கும் ஓர் இசைத்தட்டு ஒதுக்கப்பட்டது. பிற்பட்ட ஆண்டுகளில் லிஸ்பன் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஹியூகோ கார்தோசோ முதலியோர் இம்மொழியையும் இசையையும் விரிவாக ஆவணப்படுத்தியுள்ளனர்.

இதற்கிடையிலே கப்பிரிஞ்ஞாவின் தாளம் வேறொரு வழியாலும் பரவியது. கொழும்பிலே பொலிஸ் உத்தியோகத்தராக இருந்த வாலி பஸ்டியன் அதனைச் சிங்களச் சொற்களோடு இணைத்துப் பைலாவாக்கினார். 1970களில் நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் முதலியோர் வளர்த்த தமிழ்ப் பொப்பிசையிலும் அத்துள்ளல் புகுந்தது. இங்ஙனம் தாளம் தீவெங்கும் வெற்றிகண்டது. அதனைப் பெற்றெடுத்த மொழியோ வாவிக்கரையின் சில வீடுகளுக்குள் ஒடுங்கியது. தம் கல்யாணப் பாட்டின் தாளத்தை வானொலியில் கேட்ட பறங்கியர், அதிலே தம் சொல்லைக் கேட்கவில்லை.

புலம்பெயர்வும் உள்நாட்டுப் போரும் இவ்வொடுக்கத்தை விரைவுபடுத்தின. 2004 டிசம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை, கல்லடிக் கடற்கரையில் டச்பார் என்னும் பறங்கியர் குடியிருப்பை அழித்தது. பலர் உயிரிழந்தனர், எஞ்சியோர் வேறிடங்களிற் குடியமர்ந்தனர். எழுத்துவழக்குப் பெரிதும் இல்லாத மொழியில் ஒரு முதியவர் மறைவது, பிரதியெடுக்கப்படாத ஓர் ஏடு நீரில் மூழ்குவதற்கு ஒப்பாகும்.

ஒலிப்பதிவு இவ்விழப்பை ஈடுசெய்யுமா? ஓரளவு ஈடுசெய்யும். நெவிலின் தாள் காக்கத் தவறிய மெட்டை நாடா காத்தது. ஆனால் எதிர்ப்பாட்டுக்குப் புதிய எதிர்ப்பாட்டை அக்கணத்திலே புனைந்து பாடும் திறன் நாடாவில் அடங்காது. அதற்கு மொழியறிந்த இருவர் எதிரெதிரே நிற்றல் வேண்டும். பதிவு சென்ற பொழுதைக் காக்கும்; அடுத்த பொழுதைப் பிறப்பிப்பது மக்களின் நாவே.

மேலும், பாடலின் ஏடு இலண்டனிலும் ஒலி ஐரோப்பியக் காப்பகங்களிலும் இருக்க, பாடியவரின் பேரப்பிள்ளைகள் மட்டக்களப்பிலே தமிழ்மொழியிற் கல்வி கற்கின்றனர். அப்பதிவுகளின் படிகள் வாவிக்கரைக்குத் திரும்புதலும், அவற்றை விளக்கும் நூல்கள் தமிழில் எழுதப்படுதலும் வேண்டும். தன் இலக்கணத்தையே கடனாகக் கொடுத்து ஓர் அயல்மொழியை நானூறு ஆண்டு வாழவைத்தது தமிழ். அம்மொழியின் பாட்டைச் செவிமடுத்துப் பேணுதலும் தமிழாய்வின் கடனேயாகும்.