இரத்த மின்பகுளி அளவீட்டு முறைகளின் வரலாறு

இரத்தத்தில் கரைந்துள்ள சோடியம், பொட்டாசியம், குளோரைடு முதலிய அயனிகள் மின்பகுளிகள் (எலக்ட்ரோலைட்டுகள்) எனப்படுகின்றன. பொட்டாசியம் மிகுந்தால் இதயம் நின்றுவிடலாம். சோடியம் குறைந்தால் மூளை வீங்கலாம். எனவே தீவிர சிகிச்சைப் பிரிவில் இவை அடிக்கடி அளக்கப்படுகின்றன. ஆனால் ஒரே நோயாளியின் இரத்தம் இருவேறு கருவிகளில் இருவேறு எண்களைத் தரக்கூடும். இதற்கான காரணம் அளவீட்டு முறைகளின் வரலாற்றில் உள்ளது.

தொடக்ககால ஆய்வு

1831இல் இங்கிலாந்தில் காலரா பரவியபோது வில்லியம் புரூக் ஓஷாக்னசி என்ற இளம் மருத்துவர் நோயாளிகளின் இரத்தத்தைப் பகுத்தாய்ந்து, நீரும் உப்பும் குறைந்திருப்பதைக் கண்டறிந்தார். இதன் அடிப்படையில் 1832இல் ஸ்காட்லாந்தில் தாமஸ் லாட்டா உப்புநீரைச் சிரை வழியே செலுத்தினார். ஓஷாக்னசி 1833இல் இந்தியா வந்து, பின்னர் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் வேதியியல் பேராசிரியரானார். உப்பை வீழ்படிவாக்கி அளக்கும் வேதிமுறைகளுக்கு அதிக நேரம் தேவைப்பட்டதால், உயிருக்குப் போராடும் நோயாளிக்கு அவை பெரிதும் உதவவில்லை.

சுடர் ஒளிமானி

சோடியம் சுடரில் மஞ்சளாகவும் பொட்டாசியம் ஊதாவாகவும் ஒளிரும். இப்பண்பைப் பயன்படுத்தும் சுடர் ஒளிமானி 1940களில் மருத்துவ ஆய்வகங்களுக்கு வந்தது. நீர்த்த சீரத்தைச் சுடரில் தெளித்து, ஒளியின் செறிவைக் கொண்டு சில நிமிடங்களில் அளவு கணிக்கப்பட்டது.

அயனித்தேர்வு மின்முனை

1957இல் ஜார்ஜ் ஐசன்மன் குழுவினர் சோடியத்தை இனங்காணும் கண்ணாடி மின்முனையை விவரித்தனர். 1960களில் சூரிச்சில் வில்ஹெல்ம் சைமன் குழுவினர் வாலினோமைசின் என்ற சேர்மத்தைக் கொண்டு பொட்டாசியம் மின்முனையை உருவாக்கினர். பின்னர் மின்முனைகள் சுடர் ஒளிமானியின் இடத்தைப் பிடித்தன. இவற்றில் இருவகை உண்டு. மைய ஆய்வகத்தின் பெரிய கருவிகள் சீரத்தை நீர்த்து அளப்பது மறைமுக முறை. இரத்த வாயுப் பகுப்பாய்வுக் கருவி முழு இரத்தத்தை நீர்க்காமல் அளப்பது நேரடி முறை.

வேறுபாட்டின் காரணம்

பிளாஸ்மாவில் ஏறத்தாழ 93 விழுக்காடு நீர். எஞ்சியது புரதமும் கொழுப்பும். சோடியம் நீரில் மட்டுமே உள்ளது. மறைமுக முறை நீரின் பங்கு மாறாதது என்று கொள்கிறது. கொழுப்பு மிகுந்து நீர் 84 விழுக்காடானால், நேரடி முறையில் 140 மில்லிமோல்/லிட்டர் காட்டும் இரத்தம் மறைமுக முறையில் சுமார் 126 காட்டும். இது போலிச் சோடியக் குறைவு. தீவிர நோயாளிகளில் பலருக்கு ஆல்புமின் புரதம் குறைந்திருக்கும். அப்போது மறைமுக முறை சோடியத்தைக் கூட்டிக் காட்டி, உண்மையான குறைவை மறைத்துவிடலாம்.

நேரடி முறைக்கும் குறைகள் உண்டு. ஊசிக்குழலில் திரவ ஹெப்பாரின் மிகுதியாக இருந்தால் இரத்தம் நீர்த்துவிடும். சிவப்பணுக்கள் சிதைந்து பொட்டாசியம் பொய்யாக உயர்ந்திருப்பதும் முழு இரத்தத்தில் கண்ணுக்குத் தெரியாது.

ஒப்பிடும் வழி

இரு முறைகளின் முடிவுகள் சேர்ந்து ஏறி இறங்கினால் மட்டும் அவை ஒத்தவை ஆகிவிடா. ஒன்று எப்போதும் 5 கூடுதலாகக் காட்டினாலும் ஒட்டுறவுக் கெழு உயர்வாகவே இருக்கும். எனவே ஒவ்வொரு நோயாளியிடமும் காணும் வித்தியாசத்தை ஆராய வேண்டும் என்று பிளாண்டும் ஆல்ட்மனும் 1986இல் வலியுறுத்தினர்.

நடைமுறை முக்கியத்துவம்

புளியங்குடியில் ஒரு முறையில் சோடியம் அளக்கப்பட்ட நோயாளி திருநெல்வேலிக்கு மாற்றப்பட்டு, அங்கு வேறு முறையில் அளக்கப்படலாம். அப்போது தெரியும் ஏற்றம் உடலில் நிகழ்ந்ததா, கருவியால் வந்ததா என்பது முக்கியமான கேள்வி. நாட்பட்ட சோடியக் குறைவை விரைந்து சரிசெய்தால் மூளை நரம்புகளின் உறை சிதையக்கூடும். ஆகவே தொடர் கண்காணிப்பில் ஒரே முறையைப் பின்பற்றுவதும், முடிவுத்தாளில் முறையின் பெயரைக் குறிப்பிடுவதும் பாதுகாப்பானவை.