பஞ்சுமிட்டாய் வந்த வழி

மயிலம் முருகன் கோயிலில் பங்குனி உத்திரம் என்றால் மலையடிவாரக் கூட்டத்துக்குள் ஒரு நீளக் கழி உயர்ந்து தெரியும். அதில் ரோஸ் நிறப் பைகள் கொத்தாகத் தொங்கும். மேல்மலையனூர் அமாவாசையிலும் அப்படியே. விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பஞ்சுமிட்டாய் இல்லாமல் திருவிழா இல்லை.

அது பிறந்தது அமெரிக்காவின் நாஷ்வில்லில். 1897இல் வில்லியம் மாரிசன், ஜான் வார்ட்டன் இருவரும் அதற்கான இயந்திரத்தை உருவாக்கினார்கள். முன்னவர் பல் மருத்துவர்! சூடேறிய கிண்ணம் சுழல, உருகிய சர்க்கரை நுண்துளைகள் வழியே சிதறி, காற்றுப் பட்டதும் நூலாக இறுகும். 1904 செயின்ட் லூயிஸ் உலகக் கண்காட்சியில் 68,655 பெட்டிகள் விற்றன.

பிரான்சில் அதை 'பார்ப் ஆ பாப்பா' என்பார்கள். பாரிஸின் லக்சம்பர்க் பூங்காவில் ஒரு குழந்தை அதைக் கேட்டு அடம்பிடித்த குரல் டாலஸ் டெய்லர் என்பவரின் காதில் விழுந்தது. அவரும் கட்டடக் கலைஞர் அனெட் டிசோனும் உணவகத்து மேசைவிரிப்பில் குண்டான ரோஸ் உருவம் ஒன்றை வரைந்தார்கள். அதுதான் பார்பாபாப்பா. தோட்டத்து மண்ணில் முளைத்து, நினைத்த வடிவமெல்லாம் எடுக்கும் சாது. 1970இல் படப்புத்தகம், 1974இல் தொலைக்காட்சித் தொடர். மனிதர்கள் காற்றையும் தண்ணீரையும் கெடுப்பது பொறுக்காமல், விலங்குகளை ஏற்றிக்கொண்டு பார்பாபாப்பா குடும்பம் வேறு கோளுக்கே போய்விடும் கதை ஒன்று உண்டு. ஒவ்வொரு குழந்தையும் படிக்க வேண்டிய கதை அது.

பஞ்சுமிட்டாயின் அந்த ரோஸ் நிறம்தான் நம் பக்கத்தில் நஞ்சானது. 2024 பிப்ரவரியில், ஒருகாலத்தில் பிரெஞ்சுக்காரர் ஆண்ட புதுச்சேரியில், பஞ்சுமிட்டாயில் ரோடமின்-பி கலந்திருப்பது தெரிந்து விற்பனைக்குத் தடை வந்தது. அம்மாதம் 17ஆம் தேதி தமிழ்நாடும் தடை விதித்தது. ரோடமின்-பி துணிக்கும் காகிதத்துக்கும் போடும் சாயம். வயிற்றுக்குள் போகவே கூடாதது. தடை சரியானது. ஆனால் வெயிலில் கழி சுமந்து நடப்பவர் தலையில் மட்டும் பழியைக் கட்டுவது நியாயமில்லை. சாயப்பொடியை உணவுக்கென்று விற்றவரையும் பிடிக்க வேண்டும்.

முண்டியம்பாக்கத்தில் சர்க்கரை ஆலையே வைத்திருக்கிற மாவட்டம் விழுப்புரம். வெறும் சர்க்கரையில் சுற்றிய வெள்ளைப் பஞ்சுமிட்டாயும் அதே அளவு இனிக்கும். அடுத்த திருவிழாவில் பிள்ளை கைகாட்டினால், வெள்ளை இருக்கிறதா என்று கேட்டு வாங்கிக் கொடுங்கள்.