மிளகுதண்ணி சூப் ஆன கதை

லண்டன் வந்த புதிதில், கடையொன்றில் தகரப்பேணிகள் அடுக்கியிருந்த வரிசையில் ஒரு பெயரைக் கண்டு நின்றுவிட்டேன். எழுத்துக்கூட்டி வாசித்தபோது 'முல்லிகட்டாணி' என்று வந்தது. மிளகுதண்ணி! வாங்கிவந்து அறையில் சூடாக்கினோம். தடிப்பாக, இனிப்புக் கலந்து, மாட்டிறைச்சி வாசத்தோடு இருந்தது. "இது மிளகுதண்ணி எண்டால், அம்மா காய்ச்சித் தந்தது என்ன?" என்றான் அறை நண்பன். அன்று சிரித்துவிட்டோம். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

பெயரில் மர்மம் எதுவுமில்லை. 1886இல் வெளிவந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' என்னும் ஆங்கிலோ-இந்தியச் சொல்லகராதி, இது தமிழின் 'மிளகுதண்ணீர்' என்றே சொல்கிறது. அகராதியைத் தொகுத்த இருவரில் ஒருவரான பேர்னல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். சென்னை மாகாணத்தில் வேலைபார்த்த வெள்ளையருக்கு 'முல்' என்றொரு பட்டப்பெயர் இருந்ததையும், அது இந்தச் சூப்பின் பெயரிலிருந்து வந்ததையும் அதே அகராதி பதிவு செய்திருக்கிறது. அந்த அளவுக்கு அவர்கள் இதைக் குடித்திருக்கிறார்கள்.

ஆங்கிலேயரின் இராச்சாப்பாடு சூப்போடு தொடங்குவது. எமது சாப்பாட்டில் அப்படித் தனியாக முதலில் குடிப்பதற்கென்று எதுவும் இல்லை. துரை சூப் கேட்டால், சமையற்காரருக்குத் தெரிந்தவற்றில் அதற்குக் கிட்டவாக இருந்தது மிளகுதண்ணிதான். அதனோடு இறைச்சி சேர்ந்தது, வெங்காயம் சேர்ந்தது, வரவரத் தடித்தது. சென்னைக் குதிரைப்படையில் இருந்த கென்னி-ஹேர்பேர்ட் 1878இல் எழுதிய 'கலினரி ஜொட்டிங்ஸ் ஃபோர் மெட்ராஸ்' என்ற சமையல் நூலில், இது தென்னிந்தியாவின் ஏழை மக்களது உணவிலிருந்து வந்தது என்பதைத் தெரிந்தே எழுதுகிறார். பின்னாளில் அவர் ஊர் திரும்பி லண்டனில் சமையற்பள்ளி நடத்தினார். ஓய்வுபெற்று ஊர் திரும்பிய அதிகாரிகள் நினைவையும் கொண்டு போனார்கள். அந்த நினைவுக்கு ஒரு செய்முறை தேவைப்பட்டது.

இந்தப் பழக்கம் அவர்களுக்கும் முந்தியது. 1747இல் ஹனா கிளாஸ் என்ற ஆங்கிலப் பெண்மணி தனது சமையல் நூலில் 'இந்திய முறைப்படி' கறி வைக்கும் விதத்தைத் தந்திருக்கிறார். கோழி அல்லது முயல், வெங்காயம், முப்பது மிளகு, ஒரு கரண்டி அரிசி, நெருப்பில் வறுத்துப் பொடித்த மல்லி, கடைசியில் வெண்ணெய். மிளகாயும் இல்லை, மஞ்சளும் இல்லை. மஞ்சளும் இஞ்சியும் பின்வந்த பதிப்புகளில்தான் சேர்ந்தன. சோற்றோடு உண்ணும் கறியென்று யாரோ சொல்லக் கேட்டது, சட்டிக்குள் ஒரு கரண்டி அரிசியாக விழுந்துவிட்டது போலும். ஆனால் மல்லியை வறுத்துப் பொடிக்க வேண்டும் என்பது மட்டும் பிசகாமல் போய்ச் சேர்ந்திருக்கிறது. அந்த வாசத்தை யாராலும் மறக்க முடிந்திருக்காது.

இதைவிடப் பழைய சாட்சி எங்கள் பக்கத்தில் இருக்கிறது. 1660இல் மூதூருக்கு அண்மையில், கொட்டியாரக் குடாவில் பிடிபட்டவர் ரொபேர்ட் நொக்ஸ். அப்போது பத்தொன்பது வயது. கண்டி இராச்சியத்தில் ஏறக்குறைய இருபது வருடம் கைதியாக வாழ்ந்து, 1679இல் தப்பி, 1681இல் லண்டனில் தன் நூலை வெளியிட்டார். அதில் கறி என்பதைப் போர்த்துக்கேயர் வழங்கும் சொல்லாகக் குறிப்பிட்டு, சோற்றை ருசித்துச் சாப்பிடுவதற்கான துணை என்று பொருள் சொல்கிறார். போர்த்துக்கேயர் எம்மிடம் 'கறி'யை எடுத்துக்கொண்டு 'குசினி'யைத் தந்துவிட்டுப் போனவர்கள். நொக்ஸின் விளக்கத்தில் பிழையில்லை. ஏனெனில் அவர் விருந்தாளியல்ல. அந்த மண்ணின் சோற்றைத் தின்றுதான் உயிர் வாழவேண்டியிருந்தது.

மேசையிலிருந்து உண்டவரின் நினைவு ஒன்று, அடுப்படியில் நின்றவரின் நினைவு வேறு. செய்முறையை எழுதி ஊருக்குக் கொண்டு போனவர்கள் அநேகமாக மேசையில் இருந்தவர்கள். அம்மியில் அரைத்த கை எந்த நூலிலும் இல்லை. முதன்முதல் மிளகுதண்ணிக்குள் இறைச்சியைப் போட்ட சென்னைச் சமையற்காரரின் பெயர் ஒருவருக்கும் தெரியாது. தகரப்பேணியில் சொல் மிஞ்சியது, அவர் மிஞ்சவில்லை.

நாங்களும் மேசையில் இருந்து உண்டவர்கள்தான். ஊரில் குசினிப் பக்கம் எட்டியும் பார்க்காத இளைஞர்கள் ஐந்து பேர் ஒரு அறையில் கிடந்து, சமைக்கத் தொடங்கியது இங்கேதான். செய்முறை கேட்டு அம்மாவுக்கு எழுதினேன். சண்டை நடந்த காலம், பதில் வர மூன்று மாதம் ஆயிற்று. 'அளவாய்', 'கொஞ்சம்', 'வாசம் வரும்வரை' என்று இருந்தது. எத்தனை கரண்டி என்று திரும்பவும் கேட்டேன். "கைக்குத் தெரியும்" என்று எழுதினா. என் கைக்குத் தெரியவில்லை.

துரைமாருக்குத் திரும்பிப்போக ஊர் இருந்தது. அங்கிருந்து சென்னையை நினைத்துச் சமைத்தார்கள். நாங்கள் நினைத்துச் சமைப்பதே அந்த ஊரைத்தான். இங்கு பிறந்த பிள்ளைகள் நாளை இதை எதுவாக மாற்றினாலும் எனக்குக் கவலையில்லை. மாறாத சாப்பாடு உலகில் எங்கும் இல்லை. ஆனால் யாருடைய கையிலிருந்து வந்தது என்பதையும் சேர்த்து எழுதிவைக்க வேண்டும். அந்தக் கைகள் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டு வருகின்றன. அம்மாவும் இப்போது இல்லை.

கடிதத்தில் இருந்தது இவ்வளவுதான்: மிளகு, நற்சீரகம், மல்லி, நாலு பல்லு உள்ளி, இரண்டு செத்தல் மிளகாய். எல்லாவற்றையும் அரைகுறையாய் இடி, மாவாக்காதே. பாக்களவு புளியைக் கரைத்து விட்டு, உப்பும் கறிவேப்பிலையும் போட்டு அடுப்பில் வை. நுரை கட்டி எழும்பும்போது இறக்கிவிடு. கொதிக்க விட்டால் கைத்துப்போகும். தடிமன் எண்டால் சுடச்சுடக் குடி. அங்கே குளிராமே.