இரவு மதுச்சாலையும் பகல் இசைத்தொழிற்கூடமும்: டெற்றோயிற் நகரப் பேஸ் கலைஞரின் உழைப்புப் பற்றிய சில குறிப்புகள்

இசை வரலாறு பெரும்பாலும் பாடகரின் பெயராலும் இசைத்தட்டு நிறுவனங்களின் பெயராலுமே எழுதப்பட்டு வந்துள்ளது. பக்கவாத்தியக்காரர் அதில் அடிக்குறிப்பாக இடம்பெறுவதும் அரிது. அவர் பிழைப்புக்காக இரவில் வாசிக்கும் மதுச்சாலையோ கலை நிகழும் இடமாகக் கருதப்படுவதேயில்லை. ஐக்கிய அமெரிக்காவின் டெற்றோயிற் நகரிலே 1960களில் தொழில்புரிந்த பேஸ் கிற்றார்க் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சனை (1936–1983) எடுத்துக்காட்டாகக் கொண்டு, மதுச்சாலை இரவுக்கும் அந்நகரின் உற்பத்தி முறைக்கும் இடையே நிலவிய உறவினை இங்கு நோக்குவோம்.

டெற்றோயிற் மோட்டார் வாகன நகரம். போர்ட் நிறுவனம் 1914இல் நாளொன்றுக்கு ஐந்து டொலர் ஊதியத்தை அறிவித்ததன் பின்னரும், இரு உலகப் போர்க் காலங்களிலும், தென்மாநிலங்களிலிருந்து கறுப்பின மக்கள் பெருந்தொகையினராக அங்குக் குடிபெயர்ந்தனர். பகலில் ஆலைக்குச் சென்றோர் இரவிற் கூடிய இடங்களுள் ஹேஸ்ரிங்ஸ் வீதி முதன்மையானது. புளூஸ் பாடகர் ஜோன் லீ ஹூக்கர் மோட்டார் ஆலையிலே துப்புரவு வேலை செய்துகொண்டே அவ்வட்டார மதுச்சாலைகளில் வாசித்தவர். 1950களின் பிற்பகுதி தொடக்கம், நகரப் புனரமைப்பு, நெடுஞ்சாலை அமைப்பு என்ற பெயர்களில் அவ்வீதி இடித்தழிக்கப்பட்டது. கறுப்பின மக்களின் இரவு வாழ்வு 12ஆம் வீதி முதலிய இடங்களுக்கு நகர்ந்தது.

இசைக்கருவியின் வரலாறும் இதனோடு இணைந்ததே. ஆளுயரப் பேஸ் வாத்தியம் சத்தம் நிறைந்த நடனக்கூடத்திலே மேளத்தின் நடுவே கேட்காது போகும்; காவித் திரிவதும் கடினம். லியோ பெண்டர் 1951இல் அறிமுகஞ்செய்த மின்பேஸ் கிற்றார் இவ்விரு இடர்களையும் தீர்த்தது. தென் கரோலினாவிற் பிறந்து 1954இல் டெற்றோயிற்றுக்கு வந்த ஜேமர்சன், பாடசாலையிலே பழைய பேஸ் வாத்தியத்தைக் கற்றவர். பின்னரே மின்பேஸுக்கு மாறினார். வலக்கையின் சுட்டுவிரல் ஒன்றினாலேயே நரம்பை மீட்டும் முறையினை அவர் இறுதிவரை கைவிடவில்லை.

12ஆம் வீதியிலிருந்த சிற் சாற் மதுச்சாலை, அவரும் பியானோ வாசிப்பாளர் ஏர்ள் வான் டைக் முதலிய தோழர்களும் வழமையாக வாசித்த இடமாகும். அங்கு அவர்கள் விரும்பி வாசித்தது ஜாஸ் இசை. பேஸ் கலைஞருக்கு அத்தகைய இரவிலே இருவகைப் பொறுப்புண்டு. மேளக்காரரின் காலடி மத்தளத்தோடு மந்தர ஸ்தாயியைப் பிணைத்து, ஆடுவோரின் கால்களுக்குத் தளம் அமைப்பது ஒன்று. மேலே வாசிப்போர் கற்பனையிற் பிரிந்து செல்லும்போது அவர்கள் மீண்டு வருவதற்கான வழியைக் காத்து நிற்பது மற்றையது. பேஸ் ஒலிக்கும்போது அதனைத் தனியே கேட்போர் சிலரே. அது நின்றால் முழுக்கூடமும் உணரும். ஒருவர் எங்கே திரும்புவார் என்பதை மற்றவர் முன்னரே உணரும் கூட்டுத்திறன், ஆண்டுக்கணக்கில் இவ்வாறு இரவிரவாக வாசித்ததன் விளைவாகும்.

இக்கூட்டுத்திறனே பகலிற் பண்டமாயிற்று. லிங்கன்–மேர்க்குரி ஆலையிலே 1950களின் நடுப்பகுதியில் வேலைசெய்த பெரி கோர்டி, குடும்பத்தாரிடம் 800 டொலர் கடன்பெற்று 1959இல் நிறுவியதே பின்னர் மோட்டவுன் எனப் பெயர்பெற்ற நிறுவனம். மோட்டார்ச் சட்டகம் ஒன்று ஒவ்வொரு கையாகக் கடந்து முழு வாகனமாக வெளிவரும் முறையே தமக்கு முன்மாதிரி என்பதை அவர் வெளிப்படையாகவே கூறியுள்ளார். ஒலிப்பதிவுக்கூடத்தில் ஜேமர்சனுக்குப் பெரும்பாலும் வழங்கப்பட்டது சுரக்கூட்டுகள் குறிக்கப்பட்ட ஒரு தாளே. பேஸ் வரியை அவரே படைத்தார். ஆயினும் இயற்றியோருக்குரிய பங்கு பாடலையும் மெட்டையும் எழுதியோருக்கே சென்றது. பேஸ் வரி இயற்றலாகக் கணிக்கப்படவில்லை. தொடக்கத்திற் பாடலொன்றுக்குச் சில டொலர்களும், பின்னர் வாரச் சம்பளமும் கிடைத்தன. இசைத்தட்டு உறையிலே பெயர்கூட அச்சிடப்படவில்லை. மதுச்சாலையிலே கலைஞர் தம் செலவிலும் தம் நேரத்திலும் வளர்த்த திறனை, அதன் உருவாக்கத்துக்கு எதுவும் செலுத்தாமலே நிறுவனம் பெற்றுக்கொண்டது என்பது மனங்கொள்ளத்தக்கது.

பிற நிறுவனங்களுக்கு ஒலிப்பதிவு செய்வது தடுக்கப்பட்டது. மீறியோர் அபராதத்துக்கும் உள்ளாகினர். மோட்டவுன் கறுப்பினத்தவருக்குச் சொந்தமான நிறுவனம் என்பதும், இனஒதுக்கல் நிலவிய சந்தையை அது உடைத்தது என்பதும் மறுக்கவியலாதவை. ஆயின் இனத்தின் வெற்றி உழைப்போரின் வெற்றியாகத் தானே மாறிவிடுவதில்லை. இம்முரண்பாடு நகரெங்கும் முற்றிய காலம் அது. 1967 ஜூலை 23ஆந் தேதி, அதே 12ஆம் வீதியில் அனுமதியின்றி இயங்கிய மதுச்சாலையொன்றிலே பொலிசார் புகுந்தமையே 43 உயிர்களைப் பலிகொண்ட கிளர்ச்சிக்குத் தீப்பொறியாயிற்று. மறு ஆண்டில் டொட்ஜ் ஆலைக் கறுப்பினத் தொழிலாளர் தமக்கெனப் புரட்சிகரத் தொழிற்சங்க இயக்கமொன்றை அமைத்தனர்.

மார்வின் கே 1970இல் தமது புதிய பாடலுக்காக ஜேமர்சனைத் தேடி மதுச்சாலைகளுக்குச் சென்று, அங்கு குழுவினருடன் வாசித்துக்கொண்டிருந்த அவரை அழைத்து வந்தார் என்று கூறப்படுகிறது. 1971இல் வெளிவந்த அவ்விசைத்தொகுப்பின் உறையில் வாத்தியக்காரரின் பெயர்கள் இடம்பெற்றன. ஆனால் மறு ஆண்டிலேயே நிறுவனம் லொஸ் ஏஞ்சல்ஸுக்குப் பெயர்ந்தது. மூலதனம் எளிதாகப் பெயர்ந்தது. அத்திறனை வளர்த்த இரவுகளை அது தன்னுடன் கொண்டுசெல்ல முடியவில்லை. அங்குச் சென்ற ஜேமர்சனுக்குப் பழைய குழு வாய்க்கவில்லை. அவர் 1983இல் தமது 47ஆம் வயதிற் காலமானார். மோட்டவுன் 1988இல் 6.1 கோடி டொலருக்கு விற்கப்பட்டது.

மதுச்சாலை இசையை வெறும் பொழுதுபோக்கெனத் தள்ளுவோரும், அதனைத் தனிமேதையின் புலம்பலாகப் போற்றுவோரும் ஒரே தவறையே செய்கின்றனர்; இருசாராரும் அங்கு நடைபெறும் கூட்டுழைப்பைக் காண்பதில்லை. ஜேமர்சனின் பெயர் 2000ஆம் ஆண்டில் றொக் இசைப் புகழ்மண்டபத்திற் பக்கவாத்தியக்காரர் பிரிவிலே சேர்க்கப்பட்டது. இது வரவேற்கத்தக்கதே. எனினும் ஒரு பெயரைப் பட்டியலிற் சேர்ப்பதனால் மட்டும் வரலாறு திருத்தமடைவதில்லை. யார் வாசித்தார், எங்கே கற்றார், எவ்வளவு பெற்றார், விளைபயன் யாரிடம் சேர்ந்தது என்னும் வினாக்களை எந்நாட்டு இசை பற்றியும் எழுப்புவதே நாம் மேற்கொள்ள வேண்டிய ஆய்வுப் பணியாகும்.