சுங்கம் தவிர்த்ததும் உயர்த்தியதும்

முதற் குலோத்துங்க சோழன் கி.பி. 1070-இல் அரியணை ஏறினான். அவனுடைய கலிங்கப் போரை அறியாதவரும் 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்னும் விருதுப்பெயரை அறிவர். வென்ற புகழினும் வரி நீக்கிய புகழே மக்கள் நாவில் நெடிது நின்றது. 2024 அக்டோபரில் மும்பையின் ஐந்து நுழைவாயில்களிலும் சிறு வாகனங்களுக்குச் சுங்கம் நீக்கப்பட்டபோது, அந்நகர்வாழ் தமிழரிற் சிலரேனும் அச்சோழனை நினைத்திருக்கக்கூடும்.

ஆயினும், சுங்கத்தை உயர்த்துவதும் நகருக்கு நன்மையாகலாம் என முதலிற் செய்துகாட்டியது சிங்கப்பூர். 1975 ஜூன் 2 முதல், காலை 7.30-க்கும் 9.30-க்கும் இடையே நகர மையத்தினுள் நுழையும் கார் 3 வெள்ளி செலுத்தி, உரிமச்சீட்டைக் கண்ணாடியில் ஒட்டவேண்டும் என்று விதிக்கப்பட்டது. பேருந்துக்கு விலக்கு, நால்வர் ஏறிய காருக்கும் விலக்கு. அந்நேரத்தில் நுழைந்த வாகனங்கள் ஏறத்தாழ 44 விழுக்காடு குறைந்தன. மனிதர் சூழ்ச்சி சும்மா இருக்குமா? 9.30 அடித்ததும் கார்கள் திரண்டு நுழைந்தன. ஆகவே தடை 10.15 வரை நீட்டப்பட்டது. பேருந்துக்காக நின்ற அயலாரை ஏற்றிக்கொண்டு, நால்வர் கணக்கை நிரப்பினாரும் உண்டு! கட்டணம் பின்னர் 5 வெள்ளி வரை உயர்ந்தது. 1989-இல் நால்வர் சலுகை நீங்கியது. எளியோர் ஊர்தியாகிய மோட்டார் சைக்கிளும் சுங்கத்துக்கு உட்பட்டது. 1998 முதல் மின்னணுக் கருவியே கட்டணத்தைக் கழித்துக்கொள்ளலாயிற்று. வேகம் குறைந்தால் கட்டணம் உயரும், கூடினால் தாழும். விரைவுச்சாலைக்கு மணிக்கு 45 முதல் 65 கிலோமீட்டர் என்பது அளவுகோல். இங்கே சுங்கத்தின் முதல் நோக்கம் பொக்கிஷம் நிரப்புவதன்று. சாலையில் இடம் உண்டாக்குவதே.

பெங்களூருக்கும் இத்தகைய சுங்கம் வேண்டும் என்ற பேச்சு அவ்வப்போது எழுந்ததுண்டு. அங்ஙனம் பேசுவோர் கோலார் தங்கவயலின் ஆண்டர்சன்பேட்டையை ஒருமுறை எண்ணிப்பார்க்க வேண்டும். 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. அதன்பின், தங்கம் தோண்டிய தமிழ்க் குடும்பங்களின் மக்கள் பலர் விடியுமுன் புகைவண்டி ஏறி, ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூரில் உழைத்து இரவில் வீடு திரும்புகின்றனர். 1894-இல் சுரங்கத்தின் பொருட்டு மாரிகுப்பம் வரை இட்ட இருப்புப்பாதை, சுரங்கம் போனபின் அம்மக்களுக்குச் சோறு தேடித் தருகிறது. காரில் தனியே செல்பவர் கொள்ளும் இடத்துக்கு விலை கேட்பது முறையே என்பது நம் கருத்து. ஆனால் அவர் காரை விட்டுவிட்டு எதில் ஏறுவார்? வண்டியின் கதவருகே நின்றபடி வருவோருக்கே இடம் இல்லையே!

லண்டன் மாநகரில் 2003 பிப்ரவரி 17-இல் 5 பவுன் சுங்கம் தொடங்கியபோது, அதன் நிகர வருவாய் போக்குவரத்துக்கே செலவாகவேண்டும் என்று சட்டம் வகுத்திருந்தது. புகைவண்டி மத்திய அரசினது, நகரச்சாலை மாநிலத்தினது என்பது கணக்கர் விடை. பயணிக்கு அது விடையாகாது. பெங்களூரில் சுங்கம் வருமாயின், மாரிகுப்பம் வண்டிக்கு அதிலிருந்து எத்தனை பெட்டி என்று ஆண்டர்சன்பேட்டையார் கேட்பர், கேட்கவும் வேண்டும்.