மேசை ஆணா, பெண்ணா?

2020-ல் வந்த தேசியக் கல்விக் கொள்கையில், உயர்நிலை வகுப்புகளில் கற்பிக்கலாம் என்று சில வெளிநாட்டு மொழிகளைப் பெயர் சொல்லியே எழுதியிருக்கிறார்கள். கொரியன், ஜப்பானியம், தாய், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிஷ், போர்த்துகீசியம், ரஷ்யன். நம் பக்கம் தேர்வாய் கண்டிகை சிப்காட்டில் பிரெஞ்சுக்காரர்களின் டயர் தொழிற்சாலையே வந்துவிட்டது. அதனால் பெரியபாளையத்திலும், "ஐயா, பேரனுக்கு பிரெஞ்சு எடுக்கலாமா, ஸ்பானிஷ் எடுக்கலாமா?" என்று என்னிடம் கேட்கிறார்கள். புதுவையில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால் கேட்கிறார்கள். ஒரு வரியில் பதில் சொல்ல எனக்கு வராது. நம் பிள்ளைகள் அந்நிய மொழி படித்த பழைய கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

புதுச்சேரியில் பிரெஞ்சு அரசு 1826-ல் ஒரு 'கொலேஜ்' தொடங்கியது. இன்றைய பிரெஞ்சு லிசே அதன் வழி வந்ததுதான். கொலேஜ் என்றதும் நம் கல்லூரி என்று நினைத்துவிடக் கூடாது, அது பள்ளிக்கூடம்தான். பிரெஞ்சு முறையில் வகுப்புகளை மேலிருந்து கீழாக எண்ணுவார்கள். பதினொரு வயதில் 'சிசியேம்', அதாவது ஆறாவது. அடுத்த ஆண்டு ஐந்தாவது, பிறகு நான்காவது, மூன்றாவது. விடுமுறைக்கு ஊருக்குப் போனால், "போன வருஷம் ஆறாவது, இந்த வருஷம் ஐந்தாவதா? பெயிலாகிவிட்டாயா தம்பி?" என்று அத்தை கேட்பார். விளக்கிச் சொன்னாலும் நம்பமாட்டார்.

வகுப்பில் எங்களை அதிகம் நடுங்க வைத்தது 'திக்தே'. ஆசிரியர் நிதானமாக வாசிப்பார், நாங்கள் காதால் கேட்டு எழுத வேண்டும். எழுத்தின் தலைமேல் போடும் கோடு இடப்பக்கம் சாய்ந்ததா, வலப்பக்கம் சாய்ந்ததா என்பதற்கெல்லாம் மதிப்பெண் குறையும். மொத்தமே 20 மதிப்பெண்தான். அதற்கு அடுத்த தொல்லை பால் பாகுபாடு. தமிழில் மனிதரும் தேவரும் உயர்திணை, மற்றவை அஃறிணை என்றால் கதை முடிந்தது. பிரெஞ்சில் அஃறிணையே கிடையாது. மேசை பெண், புத்தகம் ஆண். காரணம் கேட்டால், "மனப்பாடம் செய்" என்பதுதான் பதில்.

இவ்வளவு பாடுபட்டுப் படித்தது எதற்கு? சோற்றுக்குத்தான். 1881-ல் வந்த ஆணைப்படி, தம் சாதி, மத வழக்குச் சட்டங்களைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்ற 'ரெனோன்சான்'கள் பலர் சைகோனுக்குக் கப்பலேறினார்கள். அங்கே பட்டாளம், சுங்கம், போலீஸ், குமாஸ்தா வேலை என்று பிரெஞ்சு எழுதப் படிக்கத் தெரிந்தவனுக்கு இடம் இருந்தது. புதுவையிலும் காரைக்காலிலும் மாடி வீடுகள் சில எழுந்தது அந்தச் சைகோன் பணத்தில்தான்.

1954-ல் இந்த இரண்டு கதவுகளும் மூடின. மே 7-ல் தியன் பியன் பூவில் பிரெஞ்சுப் படை தோற்றது; இந்தோசீனாவில் அவர்கள் ஆட்சி முடிந்தது. அக்டோபர் 18-ல் கீழூரில் 178 மக்கள் பிரதிநிதிகள் கூடி வாக்களித்ததில் 170 பேர் இந்தியாவோடு இணைய விரும்பினர். நவம்பர் 1-ல் நிர்வாகம் கைமாறியது. மக்கள் பிரதிநிதிகள் வேறு முடிவு எடுக்கும்வரை பிரெஞ்சே ஆட்சிமொழி என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தார்கள். ஒப்பந்தம் சட்டப்படி நடைமுறைக்கு வந்தது 1962 ஆகஸ்ட் 16-ல். 1965-லேயே புதுவைச் சட்டமன்றம் தமிழை ஆட்சிமொழி ஆக்கிவிட்டது. தாத்தாவுக்குச் சோறு போட்ட சான்றிதழ் பேரனுக்கு உதவவில்லை. என்னைப் போன்றவர்கள் தட்டச்சும் ஆங்கிலக் குறிப்பு எழுதுவதும் கற்றுக்கொண்டுதான் அரசு அலுவலகத்தில் குமாஸ்தா ஆனோம்.

ஆனால் அதே பிரெஞ்சு அரசுப் பள்ளிகளில் தமிழும் இருந்தது. பாரதிதாசன் 1909 முதல் 1946 வரை அங்கே தமிழாசிரியராகச் சம்பளம் வாங்கியவர். அந்தத் தமிழ் இருந்ததால்தான், பிரெஞ்சு வேலைக்கு உதவாமல் போன பிறகும் எங்களுக்கு நிற்க ஒரு இடம் இருந்தது.

இனி ஸ்பானிஷுக்கு வருகிறேன். பிரான்சில் பிள்ளைகள் இரண்டாவது அந்நிய மொழியாக அதிகம் எடுப்பது ஸ்பானிஷ்தான். ஓய்வு பெற்ற பிறகு நானும் ஒரு புத்தகம் வைத்துக்கொண்டு கொஞ்சம் படித்தேன். தமிழ்ப் பிள்ளைக்கு அது பிரெஞ்சைவிட எளிது என்பது என் எண்ணம். பிரெஞ்சில் எழுதுவது ஒன்று, வாசிப்பது ஒன்று. ஸ்பானிஷில் ஏறக்குறைய எழுதியபடியே வாசிக்கலாம். நம் 'ஞ' அங்கே உண்டு: 'மஞானா' என்றால் நாளை. ரகர றகர வேறுபாடும் உண்டு: 'பெரோ' என்றால் 'ஆனால்', 'பெறோ' என்று அழுத்திச் சொன்னால் நாய். 'நான்' என்று தனியாகச் சொல்லாமலே 'ஆப்லோ' என்றால் 'பேசுகிறேன்', 'ஆப்லாஸ்' என்றால் 'பேசுகிறாய்'. வினையின் விகுதியே ஆளைக் காட்டிவிடும், தமிழைப் போலவே. நீ என்பதற்கு 'தூ', மரியாதைக்கு 'உஸ்தெத்'.

சொற்களிலும் உறவு உண்டு. 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் நம் பழவேற்காட்டில் குடியேறியிருந்தார்கள். 1613-ல் டச்சுக்காரர் அங்கே கெல்திரியா கோட்டை கட்டுவதற்கு முன்பே வந்தவர்கள் இவர்கள். கடற்கரை ஊர்களில் இவர்கள் வாய்வழியே தமிழுக்கு வந்தவைதான் மேசை, அலமாரி, குசினி, பாதிரி. போர்த்துகீசியத்துக்கு உடன்பிறப்பான ஸ்பானிஷில் இவை மேசா, அர்மாரியோ, கொசீனா, பாத்ரே. அங்கேயும் மேசை பெண்தான்!

கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஸ்பானிஷ் எடுங்கள், பிரெஞ்சு எடுங்கள், தடையில்லை. வேலையை மட்டும் நம்பி எடுக்காதீர்கள். பிள்ளை படித்து முடிப்பதற்குள் தொழிற்சாலை எந்த நாட்டாருடையதாகவும் மாறலாம். 2006 சட்டத்தால் பத்தாம் வகுப்புவரை தமிழ் படிப்படியாகக் கட்டாயமாகியிருக்கிறது. பதினொன்றாம் வகுப்பில் மதிப்பெண்ணுக்காகத் தமிழைத் தள்ளிவிட்டு பிரெஞ்சு எடுப்பவர்களைத்தான் பார்க்கிறேன். தன்மை, முன்னிலை, படர்க்கை தெரிந்த பிள்ளைக்கு 'ஆப்லோ, ஆப்லாஸ்' ஒரு வாரப் பாடம். அது தெரியாத பிள்ளைக்கு எந்த மொழியும் வெறும் மனப்பாடம்தான்.