அணைக்க முடியாத ரேடியோ

பிரிட்டனில் போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் ஆகிய மூன்று துறைகளும் பேசிக்கொள்ளும் ரேடியோ நெட்வொர்க்குக்கு ஏர்வேவ் என்று பெயர். 2019 டிசம்பரில் அதை அணைத்துவிடுவதாகத் திட்டம். அதற்குள் சுமார் மூன்று லட்சம் பேர் தங்கள் பழைய கருவிகளை ஒப்படைத்துவிட்டு, நீங்களும் நானும் பயன்படுத்துவது போன்ற ஒரு 4ஜி நெட்வொர்க்கின் மேல் ஓடும் புதிய ஏற்பாட்டுக்கு மாறியிருக்க வேண்டும். அந்தத் தேதி முதலில் 2022க்குத் தள்ளிப்போனது. பிறகு 2026. இப்போது இந்தப் பத்தாண்டின் கடைசியில் என்கிறார்கள். ஏர்வேவ் ஓடிக்கொண்டேதான் இருக்கிறது.

நான் பிழைப்புக்கு மென்பொருள் எழுதுகிறவன். பழைய சிஸ்டத்திலிருந்து புதியதற்கு மாற்றுவது எங்கள் தொழிலில் வாடிக்கையான கூத்து. சனிக்கிழமை ராத்திரி பீட்சா வாங்கி வைத்துக்கொண்டு உட்காருவோம். விடிவதற்குள் சரிப்படவில்லை என்றால் பழையதற்கே திரும்பிவிடுவோம். மிஞ்சிப்போனால் திங்கட்கிழமை யாரோ ஒருவருடைய பில் தப்பாக வரும். அந்தப் பழக்கத்தோடுதான் பிரிட்டன் அரசின் தணிக்கை அறிக்கைகளைப் படிக்க உட்கார்ந்தேன். ‘இதுவும் இன்னொரு அரசாங்க சொதப்பல்’ என்று சொல்லி மூடிவைக்கத் தோன்றியது நிஜம். ஆனால் இந்தக் கதையில் தாமதம் இரண்டு முறை வருகிறது. ஒரு முறை அது ஆட்களை இருட்டில் தவிக்கவிட்டது. இன்னொரு முறை அதுவே ஆட்களைக் காப்பாற்றியிருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

முதல் தாமதத்திலிருந்து தொடங்குவோம்.

1987 நவம்பர் 18 மாலை, லண்டன் கிங்ஸ் கிராஸ் சுரங்க ரயில் நிலையத்தில் மர எஸ்கலேட்டர் ஒன்றின் அடியில் தீப்பிடித்தது. 31 பேர் இறந்தார்கள். டெஸ்மண்ட் ஃபென்னல் தலைமையில் நடந்த விசாரணையின் பரிந்துரைகளில் ஒன்று, சுரங்கத்துக்குள் ரயில்வே போலீசின் ரேடியோவும் தீயணைப்புத் துறையின் ரேடியோவும் ஒத்துப்போக வேண்டும் என்பது. கேட்டால் சின்ன விஷயம்தான். ரேடியோ அலை மண்ணைத் துளைத்துக்கொண்டு கீழே போகாது. சுரங்கம் நெடுக, அலையைக் கசியவிடும் கேபிளை இழுக்க வேண்டும். அதற்கு யார் பணம் தருவது, எந்தத் துறையின் அலைவரிசை, ரயில் ஓடாத ராத்திரி நேரத்தில் எத்தனை மணி நேரம் வேலை செய்ய விடுவார்கள் என்று கேள்விகள் நீண்டன.

2005 ஜூலை 7 காலை அதே சுரங்க ரயில் தடங்களில் மூன்று குண்டுகள் வெடித்தன, நான்காவது ஒரு பேருந்தில். 52 பேர் கொல்லப்பட்டார்கள். கீழே இறங்கிய மீட்புப் பணியாளர்களில் பிரிட்டிஷ் போக்குவரத்து போலீசின் ரேடியோ மட்டும்தான் ஆழத்தில் வேலை செய்தது. தீயணைப்பு வீரர்களும் ஆம்புலன்ஸ்காரர்களும் என்ன செய்தார்கள் என்றால், ஆள் அனுப்பினார்கள். ஒருவர் சுரங்கத்திலிருந்து ஓடி மேலே வந்து ‘இன்னும் இத்தனை ஸ்ட்ரெச்சர் வேண்டும்’ என்று சொல்லிவிட்டு மறுபடி கீழே ஓடுவார். ஃபென்னல் அறிக்கை வந்து 17 வருடம் ஆகியிருந்தது. அடுத்த வருடம் லண்டன் நகரப் பேரவையின் குழு இதை விசாரித்தபோது, அந்தப் பரிந்துரையைத் தூசி தட்டி எடுத்து மேசையில் வைத்தது.

அன்று மேலேயும் ஒரு விஷயம் நடந்தது. பின்னால் வரப்போகும் கதைக்கு அது ரொம்ப முக்கியம். ஊரே போன் எடுத்து வீட்டுக்குப் பேச முயன்றதால் செல்பேசி நெட்வொர்க்குகள் திணறின. ஆம்புலன்ஸ் அதிகாரிகள் பலர் அன்று செல்பேசியைத்தான் நம்பியிருந்தார்கள். இந்த மாதிரி நேரத்துக்கென்று ஒரு பூட்டு உண்டு: ஒரு பகுதியின் டவர்களை, முன்கூட்டியே பதிவு செய்த போன்களுக்கு மட்டும் திறந்துவைத்து மற்ற எல்லாரையும் வெளியே நிறுத்துவது. துறைகளின் கூட்டுக் குழு அதைப் போட வேண்டாம் என்று முடிவெடுத்திருந்தது. ஆனால் சிட்டி ஆஃப் லண்டன் போலீஸ் தனியாகக் கேட்டு, ஆல்ட்கேட்டைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்கு ஓ2 நெட்வொர்க்கில் அதைப் போடவைத்தது. நாலு மணி நேரத்துக்கும் மேல் பூட்டு இருந்தது. பதிவு செய்த போன் யாரிடம் இருக்கிறது, யாரிடம் இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. இருந்திருக்க வேண்டிய எல்லாரிடமும் இல்லை.

அன்றைக்கு ஏர்வேவ் என்ற பெயரில் புதிய ரேடியோ வந்துவிட்டிருந்தது. 2000இல் பிடி நிறுவனத்தோடு ஒப்பந்தம், லங்காஷயர் போலீசில் முதல் சோதனை, 2005 வாக்கில் எல்லா போலீஸ் படைகளிலும். ஆம்புலன்சும் தீயணைப்பும் பின்னால் சேர்ந்தன. சுரங்க நிலையங்களுக்குள் அது இறங்கியது குண்டுவெடிப்புக்குப் பிறகுதான்.

ஏர்வேவின் உள்ளே இருக்கும் தொழில்நுட்பம் டெட்ரா. 1990களில் ஐரோப்பாவில் வகுத்த தரம். இங்கே கொஞ்சம் நின்று இதைப் பார்க்க வேண்டும், ஏனென்றால் மாற்றுத் திட்டம் தடுக்கி விழுந்தது இதன் மேல்தான்.

போன் ஒரு ஆளைத் தேடிப் போகிறது. எண்ணை அழுத்துகிறோம், அங்கே மணி அடிக்கிறது, எடுக்கிறார், ‘ஹலோ, கேக்குதா?’ என்கிறோம். டெட்ரா ரேடியோ ஒரு குழுவைத் தேடிப் போகிறது. பொத்தானை அழுத்தினால் ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்குக்குள் வழி திறந்து, குழுவில் இருக்கும் நாற்பது பேருக்கும் ஒரே நேரத்தில் குரல் போய்விடும். யாரும் எடுக்க வேண்டியதில்லை. நாற்பது பேருக்கு நாற்பது அழைப்பும் ஆகாது. ஒரே டவரின் கீழ் எல்லாரும் இருந்தால் ஒரே ஒரு நேரத்துண்டு போதும். 25 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள ஒரு அலைவரிசையை டெட்ரா நான்கு நேரத்துண்டுகளாக வெட்டி மாற்றி மாற்றிக் கொடுக்கிறது, அதில் ஒன்று. அப்புறம் கருவியின் தலையில் ஒரு அவசரப் பொத்தான். அதை அழுத்தினால் மற்றவர்களின் பேச்சை வெட்டிக்கொண்டு இவருடைய குரல் உள்ளே வரும். பார்க்காமலே, கையுறை போட்ட விரலாலேயே அழுத்தலாம்.

எல்லாவற்றையும் விட எனக்குப் பிடித்தது, டவரே இல்லாவிட்டாலும் இரண்டு கருவிகள் நேருக்கு நேர் பேசிக்கொள்ள முடிவது. நேரடி முறை என்கிறார்கள். பாதாள அறைக்குள் போன இரண்டு பேருக்கு வெளியுலகம் அறுந்துபோனாலும் ஒருவருக்கொருவர் அறுந்துபோகாது. (பிரிட்டனில் எரியும் கட்டடத்துக்குள் போகிற தீயணைப்பு வீரர்கள் இதற்கென்று தனியாக ஒரு சின்ன அனலாக் கருவியை வைத்திருக்கிறார்கள். ஏர்வேவ் பெரும்பாலும் அவர்களுடைய வண்டியோடு சரி.) நம் கையில் இருக்கும் பெரிய விலை போனைப் பாருங்கள். பக்கத்தில் நிற்கிற நண்பனோடு பேசவும் அது டவரைத்தான் கேட்கும்.

சரி, இவ்வளவு நல்ல சாமானை ஏன் மாற்ற வேண்டும்? நியாயமான காரணங்கள் இருந்தன. டெட்ராவில் குரல் போகும், படம் போகாது. சந்தேக நபரின் ஒரு புகைப்படத்தை அனுப்ப வேண்டுமென்றால் அது தலைகீழாக நின்று தண்ணி குடிக்கும். அதனால் போலீஸ்காரர் ரேடியோவையும் சுமந்தார், கூடவே ஒரு போனையும் சுமந்தார். மூன்று லட்சம் பேருக்காக மட்டும் நாடு முழுக்க ஒரு தனி நெட்வொர்க் நடத்துவது செலவு பிடித்த காரியம். கோடிக்கணக்கான மக்கள் காசு கட்டி ஓட்டுகிற 4ஜி டவர்கள் ஏற்கெனவே நிற்கும்போது அவற்றின் மேலேயே ஏறிக்கொண்டால் என்ன? ஆல்ட்கேட் பூட்டின் பாடத்தையும் மறக்கவில்லை. 4ஜியில் பகுதியையே பூட்ட வேண்டியதில்லை, ஒவ்வொரு சிம்முக்கும் முன்னுரிமை கொடுக்கலாம். நெரிசலில் போலீஸ்காரரின் சிம் உள்ளே வர, யூட்யூப் பார்ப்பவர் வழிவிடுவார். காகிதத்தில் அழகான யோசனை. நானாக இருந்தாலும் கையெழுத்துப் போட்டிருப்பேன், தேதியைத் தவிர.

இந்தப் புதிய திட்டத்துக்கு எமர்ஜென்சி சர்வீசஸ் நெட்வொர்க் என்று பெயர். 2015 டிசம்பரில் ஒப்பந்தங்கள் ஆயின. டவர்களுக்கு ஈஈ நிறுவனம், அதன் மேல் ஓடும் குழுப்பேச்சு மென்பொருளுக்கு மோட்டோரோலா. செல்பேசி நெட்வொர்க்கில் இப்படிப் பொத்தான் அழுத்திப் பேசுவதற்கான உலகத் தரம் முடிவானது 2016 மார்ச்சில். தேதிகளை இன்னொரு முறை படியுங்கள். தரம் எழுதி முடியும் முன்பே, அதை நாடு முழுக்க நிறுவி, 107 போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் அமைப்புகளையும் மாற்றி முடிக்க 2019 டிசம்பர் என்று குறித்துவிட்டார்கள். அந்தத் தேதி எங்கிருந்து வந்தது? பழைய ஏர்வேவ் ஒப்பந்தங்கள் முடியும் காலத்திலிருந்து. பொறியாளரிடம் கேட்டு வந்த தேதி கிடையாது. இந்த வகைத் தேதியை எங்கள் தொழிலில் இருக்கும் யாரும் உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள்.

மிச்சம் எதிர்பார்த்தபடிதான் நடந்தது. நேரடி முறைக்கு 4ஜி தரத்தில் ஒரு பெயர் இருந்தது, கடையில் சிப் இல்லை. டவர்களின் ஆன்டெனாக்கள் தரையைப் பார்த்துச் சாய்ந்திருக்கும். ஆகவே போலீஸ் ஹெலிகாப்டருக்கென்று வானத்தைப் பார்க்கும் தனி நெட்வொர்க் வேண்டியிருந்தது. ஸ்காட்லாந்து மலைகளில் வியாபாரத்துக்கு ஆள் இல்லாததால் டவரும் இல்லை, அரசே முன்னூறு டவர் அளவுக்குக் கட்ட வேண்டி வந்தது. லண்டன் சுரங்கத்தில் மறுபடியும் கேபிள். 2016லேயே தேசியத் தணிக்கை அலுவலகம், உலகில் வேறு எந்த நாடும் இந்த அளவில் இதைச் செய்து பார்த்ததில்லை என்று எச்சரித்தது. 2019இல் மொத்தச் செலவின் மதிப்பீடு 930 கோடி பவுண்டு, முதலில் போட்ட கணக்கைவிட 310 கோடி அதிகம்.

இதற்கு நடுவே இன்னொரு வேடிக்கை. ஒப்பந்தம் கையெழுத்தான சில வாரங்களில், 2016 பிப்ரவரியில், மோட்டோரோலா ஏர்வேவ் நிறுவனத்தையே விலைக்கு வாங்கிவிட்டது. பழைய வீட்டுக்கு மாத வாடகை வாங்குகிறவரிடமே புது வீட்டைக் கட்டும் காண்டிராக்டும் இருக்கிறது. புது வீடு தாமதமாக ஆக வாடகை ஓடிக்கொண்டிருக்கும். யாரும் கெட்ட எண்ணத்தோடு வேலையை இழுத்தடித்தார்கள் என்று சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்லத் தேவையே இல்லாத அளவுக்கு ஏற்பாடு கோணலாக இருந்தது. பிரிட்டனின் போட்டி ஆணையம் ஆராய்ந்து, ஏர்வேவுக்குப் போட்டிச் சந்தையில் கிடைத்திருக்கக்கூடியதைவிட ஆண்டுக்கு 20 கோடி பவுண்டு அளவுக்கு அதிகம் வாங்குகிறார்கள் என்று முடிவு செய்தது. 2023இல் விலைக்கு உச்சவரம்பும் வைத்தது. மோட்டோரோலா அதை ஏற்கவில்லை. மேல்முறையீட்டுக்குப் போய்த் தோற்றது. அதற்கு முன்பே புதிய திட்டத்திலிருந்து விலகியும் விட்டது. அதுவரை செலவானது சுமார் 200 கோடி பவுண்டு. 2024 முடியும் தறுவாயில் ஐபிஎம் தலைமையிலான குழுவுக்கு அந்த வேலை புதிதாகப் போனது.

இப்போது இரண்டாவது தாமதம். திட்டத்தின் தேதிகள் சரிந்துகொண்டே இருந்த வருடங்களில் போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் தலைவர்கள் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்: இப்போதிருக்கும் ரேடியோ செய்வதையெல்லாம் புதியது செய்யட்டும், அப்புறம் மாறுகிறோம். இதைப் பழமைவாதம் என்று எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். எதிர்ப்பக்கம் என்ன நடக்கும் என்பதற்கு நியூயார்க் உதாரணம் இருக்கிறது. 2001 மார்ச்சில் அங்கே தீயணைப்பு வீரர்களுக்குப் புதிய டிஜிட்டல் கருவிகளைக் கொடுத்தார்கள். குவீன்ஸ் பகுதியில் ஒரு வீட்டின் பாதாள அறையில் சிக்கிய வீரர் உதவி கேட்டுக் கூப்பிட்டது வெளியே நின்றவர்களுக்குக் கேட்கவில்லை. ஒரு வாரம் போல ஆகியிருக்கும், எல்லாவற்றையும் திரும்ப வாங்கிவிட்டார்கள். அதே செப்டம்பர் 11 அன்று அவர்கள் வர்த்தக மையக் கோபுரங்களில் ஏறியது பழைய அனலாக் கருவிகளோடு. அதே கட்டடத்தில் 1993 குண்டுவெடிப்பின்போது திணறிய கருவிகள் அவை. 343 தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். அவசரமும் தாமதமும் ஒரே வருடத்துக்குள்.

ரேடியோ நன்றாக இருந்தால் போதுமா என்றால் அதுவும் இல்லை. 2017இல் மான்செஸ்டர் அரங்கில் குண்டு வெடித்து 22 பேர் இறந்த இரவில் ஏர்வேவ் வேலை செய்தது. மூன்று துறைகளின் கட்டுப்பாட்டு அறைகளும் சேர்ந்து பேசுவதற்கு ஒரு குழு அலைவரிசை இருந்தது. அதில் யாரும் பேசவில்லை. தீயணைப்பு வண்டிகள் அரங்குக்குப் போய்ச் சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. விசாரணை அறிக்கையில் அந்தப் பக்கங்களைப் படிக்கும்போது, இவ்வளவு நேரம் நான் அலைவரிசை, சிப், டவர் என்று அளந்ததெல்லாம் கொஞ்சம் தள்ளி நிற்பது போல இருந்தது.

ஈஈ தன் 4ஜி சேவையைத் தொடங்கியது 2012இல். எல்லாரும் அதற்கு மாறி முடிக்கும்போது அதற்கு வயது பதினேழோ பதினெட்டோ ஆகியிருக்கும். ஏர்வேவை மாற்ற ஒப்பந்தம் போட்டபோது ஏர்வேவுக்கு அந்த வயது ஆகவில்லை. இதற்கிடையில் பழைய கருவிகள் தேய்ந்துபோகின்றன, பேட்டரி நிற்பதில்லை, உதிரி பாகம் கிடைப்பதில்லை. புதியது வரும்வரை காத்திருக்க முடியாத படைகள், அணைக்கப்போகிற நெட்வொர்க்குக்காகவே மறுபடியும் புத்தம் புதிய டெட்ரா ரேடியோக்களைக் காசு கொடுத்து வாங்கியிருக்கின்றன.